“குழாய்தானே” என்று இருந்துவிடலாமா?

இம்முறை ஆண்களும் வாசிக்க வேண்டிய விடயம் ஒன்றை எழுதுகிறோம்.

மூளையில் நீர் தேங்கினால் அதை வடிய விட வைத்தியர்கள் ஒரு மெல்லிய குழாய் வைக்கிறார்கள். பெயர் ஷண்ட். பெரும்பாலும் அது காதின் பின்னால் இறங்கி, கழுத்து, நெஞ்சு வழியாகத் தோலுக்கு அடியால் வயிற்றுக்குள் போகும். இதற்குரிய வால்வு ஒன்றை 1956இல் அமெரிக்காவில் செய்தவர் ஜோன் ஹோல்டர். பூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்களைப் போல மெசினோடு நின்றவர். நோயுற்ற தன் மகனுக்காகவே அதைச் செய்தார்.

குழாய் மார்பகத்துக்கு அருகால் போவதால், அங்கே நீர் சேர்ந்தோ தழும்பு தடித்தோ கட்டிபோலத் தெரியலாம். ஆனால் முன்பு மார்புப் புற்றுநோய் வந்து சுகமான பெண்ணுக்கு அந்த இடம் தடித்தால், “குழாய்தானே” என்று முடிவுகட்ட நாங்கள் யார்? இந்த நோய் 10, 15 வருடம் கழித்தும் திரும்பி வரலாம். குழாயின் பாதையில் புற்று காணப்பட்ட அபூர்வமான சம்பவங்களும் வைத்திய சஞ்சிகைகளில் வந்திருக்கின்றன. அதற்காகக் குழாய்தான் புற்றைக் கொண்டுவருகிறது என்று பயந்து, அதை எடுக்கச் சொல்லவும் வேண்டாம்.

தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவையென்றால் ஊசியால் சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது ஆகியவைதான் வழி. ஊசி போடமுன் குழாய் இருப்பதைச் சொல்லுங்கள்; குத்துப்பட்டால் பழுதாகிவிடும். காந்த ஸ்கானுக்கு முன்னும் சொல்லுங்கள். சில வால்வுகளின் அளவு காந்தத்தால் மாறிவிடும். குழாய் வைத்தபோது தந்த அட்டையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

எம்மவர் வீடுகளில் நடப்பது என்ன? டொச் தெரிந்த பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாய் மார்பைப் பற்றிக் கதைப்பாள்? “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சுவிஸ் புற்றுநோய்ச் சங்கத்தின் இலவசத் தொலைபேசி 0800 11 88 11. வேலைத்தலத்தில் மெசினின் சத்தம் மாறினால் உடனே நிற்பாட்டிப் பார்க்கிறோம். வீட்டில் மனைவி, அம்மா, அக்கா “இங்கே தடிக்குது” என்றால், அந்தக் கிழமையே வைத்தியரிடம் நேரம் எடுத்துக் கொடுப்போம்.