தக்காளி நாற்றுக்குக் கண்ணாடி மாளிகை எதற்கு?

“தக்காளியா? அது கேமரன் மலைப் பயிர். அதற்குக் கண்ணாடி வீடு வேண்டும், பிளாஸ்டிக் கொட்டகை வேண்டும். மரம் வெட்டுகிறவனுக்கு அது கட்டுப்படியாகுமா?” என்று தோட்டங்களில் சொல்லிச் சொல்லியே நம்மவர் பலர் அதை நம்பிவிட்டனர். இந்தப் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. குளிர் நாட்டில் பனியிலிருந்து நாற்றைக் காப்பதற்காகப் பிறந்தது கண்ணாடி வீடு. இங்கே மூடிய வீட்டுக்குள் நாற்றை வைத்தால் நண்பகல் வெயிலில் அது வெந்துபோகும். நம் நாற்றுக்குக் குளிர் பகையன்று. மழையும் மண்ணுமே பகை.

இதை ஏன் தொழிற்சங்க ஏட்டில் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். ஆண்டின் முற்பகுதியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. பால் குறைகிறது, கைக்கு வருவதும் குறைகிறது. அந்த மாதங்களில்தான் கடைக் கணக்கு ஏறுகிறது. ரசத்துக்கு நான்கு தக்காளி வாங்கினாலும் கடைக்காரர் புத்தகத்தில் ஒரு வரி கூடுகிறது. ஆனால் அதே இலையுதிர் காலம் கெடா, பெர்லிஸ் பக்கங்களில் மழை குறைந்த காலம்; தக்காளிக்கு உகந்த காலம். டிசம்பர் கடைசியில் விதைத்தால் ஜனவரி கடைசியில் நாற்று நடவுக்கு வந்துவிடும். மரம் தளிர்த்தும் பால் முழுதாக ஏறாத நாட்களில் வீட்டில் பழம் இருக்கும்.

நமது லயங்களில் நாற்றுக் கெடுவது பெரும்பாலும் அன்பு மிகுதியால்தான். வெயில் பட்டால் வாடுமென்று வீட்டின் பின்கட்டிலும் மர நிழலிலும் வைக்கிறோம். வெளிச்சம் தேடி அது நூல்போல் நீண்டு தலை சாய்கிறது. வேலை முடிந்து வந்த களைப்பிலும் மறவாமல் மாலையில் தண்ணீர் ஊற்றுகிறோம். இரவெல்லாம் ஈரம் நின்று தண்டின் அடி அழுகுகிறது. பெரட்டுக்குப் போகுமுன் காலையில் ஒரு தடவை ஊற்றினால் போதும். நாலு மூங்கில் கால் நட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு பரண் கட்டி, அதன்மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் தாளைச் சரிவாகக் கட்டுங்கள். நான்கு பக்கமும் திறந்தே கிடக்கட்டும். மழை அடிக்காது, வெளிச்சம் வரும், காற்றும் வரும். காற்றில் அசையும் தண்டு தடிக்கும். மூடிய வீட்டில் நாற்று வளர்ப்போர் இதற்காகவே அதன் தலையை நாள்தோறும் கையால் தடவி விடுகின்றனர். நமக்கு அந்த வேலையைக் காற்று கூலியில்லாமல் செய்கிறது.

மண் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. மேல்மண் 3 பங்கு, நன்கு மக்கிய சாணம் 2 பங்கு, மணல் 1 பங்கு. மலாய்க்காரர் செய்வதுபோல மேல்மண்ணைச் சுட்டு ஆறவிட்டுப் பயன்படுத்தினால் பூஞ்சணம் அண்டாது. நடும் இடத்தில் புளித்த ரப்பர்த் தோட்டத்து மண்ணுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்பு இட வேண்டும்.

தாழ்நிலத்தில் தக்காளி காய்க்காது என்பாரின் பேச்சில் பாதி உண்மை உண்டு. இரவு வெப்பம் மிகுந்தால் பல வகைகளில் பூ உதிர்ந்துவிடும். எனவே கடைத் தக்காளியைப் பிழிந்து விதை எடுப்பது வீண். மார்டி நிறுவனம் தந்த எம்.டி.1 போன்ற, தாழ்நிலத்துக்கு ஏற்ற வகையைத் தேட வேண்டும்.

அதைவிடப் பெரிய எமன் பாக்டீரியா வாடல் நோய். பூத்து நிற்கும் செடி, இலை மஞ்சளாகாமலே இரண்டு மூன்று நாளில் துவண்டுவிடும். தண்டை அறுத்துத் தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழை ஒன்று இறங்கும். நாம் நாள்தோறும் தேடி நடக்கும் பால் அல்ல அது! நோய் மண்ணில் இருக்கிறது; மருந்தடித்துப் போக்க முடியாது.

இதற்குத் தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் சொல்லும் வழி, வாடலைத் தாங்கும் கத்தரியின் வேர்மேல் தக்காளியை ஒட்டுவது. ஈ.ஜி.203 என்பது அப்படிப்பட்ட கத்தரி வகை. இரண்டு நாற்றின் தண்டையும் ஒரே சாய்வாக வெட்டி, வாயோடு வாய் பொருத்தி, மெல்லிய ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி விடுகிறார்கள். ஆம், நமது ரப்பரேதான்! ஒரு வாரம் மட்டும் நிழலில் பிளாஸ்டிக் பையால் மூடி ஈரம் காக்க வேண்டும். பின்னர் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்தால் தக்காளி தானே வேர்விட்டு நோயை வாங்கிக்கொள்ளும். ரப்பர்க் கன்றில் ஒட்டுக்கட்டிப் பழகிய தோழர்களின் கைக்கும் கத்திக்கும் இது பெரிய வித்தையா? ஒரு லயத்தில் ஒருவர் பழகினால் முப்பது வீட்டுக்கு நாற்றுக் கிடைக்கும்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். களைக்கொல்லி இருந்த டின்னில் நாற்று வைக்காதீர்கள். அந்தப் பம்பால் தண்ணீரும் தெளிக்காதீர்கள். 2,4-டி என்னும் மருந்தின் சிறு எச்சமும் தக்காளி இலையை முறுக்கிவிடும். சுருட்டு, சிகரெட் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே நாற்றைத் தொட வேண்டும். புகையிலையிலிருந்து நச்சுயிரி தொற்றும்.

நாற்று வந்தால் நட இடம் வேண்டுமே! பழைய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக் கோவை, குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. சுமார் 2,700 சதுர அடி. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒப்புக்கொண்ட நியாயம் இது. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்த தோட்டங்களிலும் லயத்தருகே வெயில் விழும் நிலம் இல்லாமல் இல்லை. சதுப்பைக் காட்டி, “இதோ உங்கள் தோட்டம்” என்று நிர்வாகம் சொன்னால் கிளைச் செயலாளர் தலையாட்டிவிட்டு வரக்கூடாது. கிராணிமார்களுக்கும் இதில் வேலை உண்டு. எந்தக் கட்டில் எவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதென்று ஆபீஸ் வரைபடத்தைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். மனுவை அவர்கள் எழுதட்டும். கையொப்பத்தை நாம் வாங்குவோம். டிசம்பருக்குமுன் அது நிர்வாகியின் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும்.