கோழி கண்ணை மூடினால், நாமும் மூடுவதா?

"நாட்டிலே ஆயிரம் பிரச்னை! விலைவாசி ஏறுகிறது, வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டுகிறது. இவர்கள் கோழியின் கண்ணைப் பற்றி எழுத வந்துவிட்டார்களே!" என்று கேலி பேசுவோர் இருக்கக்கூடும். பேசட்டும். கேலி பேசுவோர் வீட்டிலே கோழி குழம்பிலே இருக்கும், கொல்லையிலே இராது. கொல்லையிலே கோழி வளர்ப்பவள் யார்? களையெடுத்துவிட்டு வந்து, அடுப்பு மூட்டுமுன் ஒரு பிடி குருணையை வாசலில் இறைக்கிறாளே, அந்தத் தாய்! அவளுக்குக் கோழி கறியல்ல, காசு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், பெரியவருக்கு மருந்து, ஊருக்குப் போகப் பேருந்துக் கட்டணம், அத்தனைக்கும் அவள் கை நீட்டுவது அங்கேதான். பணக்காரனுக்குப் பாங்கு; பாட்டாளிக்குப் பஞ்சாரம்!

அந்தப் பஞ்சாரத்திலே ஒரு நாள் காலை, ஒரு கோழி கண் வீங்கி, இமை ஒட்டி, மூலையிலே முடங்கிக் கிடக்கிறது. "கண்ணிலேதானே நோவு, போகட்டும்" என்று விடுகிறோம். ஆனால் தோழர்களே, கோழி இரையைத் தேடுவது கண்ணாலே. கண் மூடிய கோழிக்கு முன்னே நெல்லைக் குவித்து வைத்தாலும், அது நெல்லுக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடந்து சாகும். நோய் கொல்லாத கோழியைப் பசி கொன்றுவிடும். ஆகவே, கண் நோவு என்பது கண்ணோடு நிற்கும் சங்கதி அல்ல, உயிரின் சங்கதி.

கண் வீங்கினால் காரணம் என்ன? "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்கிறார் ஒருவர். "அம்மன் குற்றம்" என்கிறார் மற்றொருவர். ஒருவர் கைக்குக் கிடைத்த பச்சிலைச் சாற்றைப் பிழிகிறார். இன்னொருவர் தமக்கு வாங்கிய கண் சொட்டு மருந்தில் மிச்சத்தை ஊற்றுகிறார். காரணத்தைத் தேடினார்களா? இல்லை! கண் வீக்கம் ஒன்றுதான், காரணமோ பல. காரணம் பலவாயின் மருந்து ஒன்றாக இருக்க முடியுமா?

முதற் காரணம் கோழி அம்மை. கொண்டையிலும் தாடியிலும் இமையிலும் பாலுண்ணி போன்ற கொப்புளங்கள். பிறகு அவை கறுத்துப் பொருக்காகும். பொருக்கு இமையை மூடும். இதைப் பரப்புவது எந்தத் தெய்வமும் அல்ல. தேங்கிய தண்ணீரிலே பிறக்கும் கொசு! ஒரு கோழியைக் கடித்த வாயால் மறு கோழியைக் கடிக்கிறது, நோய் நகர்கிறது. மனிதகுலத்தை நூற்றாண்டுக் கணக்கிலே வாட்டிய பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது எது? வேண்டுதலா, விழாவா? ஊசி! அந்தப் பெரியம்மைக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கோழி அம்மைக் கிருமியும். ஆனால் இது மனிதருக்குத் தொற்றாது. பெரியவனை விரட்டிய நாம், இந்தச் சின்னவனிடமா தோற்பது?

இதற்கும் தடுப்பூசி இருக்கிறது. வழக்கமாக 6 முதல் 8 வார வயதில், இறக்கையின் மெல்லிய தோலிலே குத்துகிறார்கள். 7 முதல் 10 நாளில் குத்திய இடத்திலே சிறு தடிப்பு தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் ஊசி பலிக்கவில்லை என்று பொருள். நோய் வந்தபின் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான கோழிகள் 2 முதல் 4 வாரத்தில் தேறிவிடும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. இரத்தம் வரும், புண் பெருகும். தானே உதிர்ந்த பொருக்கைக் கூட்டி எரிக்க வேண்டும். காய்ந்த பொருக்கிலே கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது காரணம், ஊட்டக் குறைவு. அடைத்தே வைத்து, குருணையும் தவிடும் மட்டுமே போட்டு வளர்க்கும் கோழிக்கு வைட்டமின் ஏ கிடைப்பதில்லை. கண்ணிலே நீர் வடியும்; இமை ஒட்டும்; இமைக்குள்ளே தயிர்க்கட்டி போல வெள்ளையாய்ச் சேரும். இதற்கு மருந்துக்கடை எங்கே? வேலி ஓரத்திலே! முருங்கை இலை, அகத்தி இலை, கீரைத் தண்டு, மஞ்சள் சோளம். அடைத்த கோழியை அவிழ்த்துவிட்டுப் புல்லைக் கொத்தவிட்டாலே பாதிக் குறை தீரும். ஒன்று கேட்கிறோம்: கோழியின் கண்ணைக் கெடுக்கும் இதே குறைதான் குழந்தையின் கண்ணிலே மாலைக்கண்ணாக வருகிறது. அதைத் தடுக்கத்தான் 1970இல் வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டம் வந்தது. கோழிக்குக் கீரை போடும் கை, குழந்தையின் தட்டிலும் கொஞ்சம் போடட்டும்!

மூன்றாவது காரணம், நாற்றம். ஈரமான எச்சத்திலிருந்து அம்மோனியா என்னும் காரமான வாயு கிளம்புகிறது. காற்றிலே பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போனால் கோழியின் கண்ணைச் சுடும். நின்றபடி முகர்ந்துவிட்டு "நாற்றமில்லை" என்று சொல்லாதீர்கள். காலையிலே கூண்டைத் திறந்ததும், கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகருங்கள். நமக்குக் கண் கரித்தால், இரவெல்லாம் அதிலேயே கிடந்த அதன் கண் என்னவாகியிருக்கும்? இதற்கு மருந்து துடைப்பமும் சன்னலும்தான்!

நான்காவது காரணம், சளி நோய்கள். கண்ணோரத்தில் நுரை, மூச்சிலே கரகரப்பு, ஒரு பக்க முகம் வீக்கம், மூக்கிலே துர்நாற்றம் வீசும் நீர் என்றால் அது நுண்ணுயிரின் வேலை. இதற்கு மருத்துவர் சொல்லும் மருந்தை, சொன்ன அளவிலே, சொன்ன நாள் வரையிலே கொடுக்க வேண்டும். பாதி மாத்திரை, பழைய மாத்திரை கூடாது. மருந்து கொடுக்கும் நாளிலே முட்டையும் கறியும் உண்ணலாமா என்பதையும் கேட்டறிய வேண்டும். தேறிய கோழியும் கிருமியைச் சுமந்து திரியக்கூடும். ஆகவே சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தில் விடாமல், மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

எந்தக் காரணமானாலும் உடனே செய்யத்தக்கவை சில: நோயுற்றதைப் பிரித்து வையுங்கள். அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு சிறு கரண்டி உப்புக் கரைத்து, மெல்லிய துணியால் கண்ணை நனைத்துத் துடையுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள். தண்ணீரையும் இரையையும் அலகருகே வையுங்கள். காணாவிட்டால் கையால் ஊட்டுங்கள். ஆனால் தலை வீங்கி, கண் வீங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் மடிந்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், குட்டையிலே எறியாதீர்கள்! அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெள்ளைக் கழிச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்கு அன்றே சொல்லுங்கள்.

இத்தனையும் ஏழைத் தாய் அறியாமலா கோழி சாகிறது? அறிந்தவள் வீட்டிலும் சாகிறதே, ஏன்? அதைத்தான் அரசினர் சிந்திக்க வேண்டும். சென்னையிலே கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. இராணிப்பேட்டையிலே தடுப்பு மருந்து நிலையம் 1932இல் தோன்றியது. அறிவுக்குப் பஞ்சமில்லை, மருந்துக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் எங்கே? குப்பியிலே! தடுப்பூசி மருந்து பெரும்பாலும் 100 கோழிக்கும் அதற்கு மேலுமாகக் குப்பியில் அடைக்கப்படுகிறது. குளிரிலே வைக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அவளிடம் இருப்பதோ 6 கோழி! ஆறுக்குப் போட்டு மீதியை என்ன செய்வாள்? பண்ணை முதலாளிக்கென்று அளந்த குப்பி, குடிசைக்குப் பொருந்தவில்லை. குறை அவளுடையதா, குப்பியினுடையதா?

கழிச்சலுக்கு ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறார்கள்; பாராட்டுகிறோம். அம்மைக்கும் ஊர்தோறும் ஒரு நாள் ஒதுக்குங்கள், சிறு குப்பிகளைக் கொண்டு வாருங்கள், "கோழிதானே" என்று ஏழைப் பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று கேட்கிறோம். இது சலுகையல்ல, அவள் உரிமை.

கேட்பதோடு நாம் நின்றுவிடலாமா? கூடாது. ஒரு தெருவிலே 16 வீடு, வீட்டுக்கு 6 கோழி என்றால் 96 கோழி. குப்பியும் தீர்ந்தது, குறையும் தீர்ந்தது! படிப்பகத்திலே பத்திரிகை வாசிக்கும் நம் தோழர்கள், வாசித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்துத் தெருவிலே எத்தனை வீடு, எத்தனை கோழி என்று எழுதட்டும். அந்தக் கணக்கோடு மருந்தகத்துக்குச் சென்று நாள் கேட்கட்டும். மழைக்கு முன்னே, கொசு பெருகுமுன்னே அந்த நாள் வரட்டும். தனியே நிற்கும் ஒருத்திக்கு எட்டாத மருந்து, தெருவே திரண்டு நின்றால் வாசலுக்கு வரும்.

கோழியின் கண்ணை மூடுவது நோய். நம் கண்ணை மூடுவது அலட்சியம். முன்னதற்கு ஊசி உண்டு. பின்னதற்கு நாம்தான் மருந்து!