முதலில் ஷீட், அப்புறம் போஸ்டர்! ஆட்டையாம்பட்டி முறுக்கு சொல்லித்தந்த கணக்கு

"கண்ணு, நம்ம முறுக்குக்கு ஒரு போஸ்டர் போட்டுக் குடு. போன்ல அனுப்பறதுக்கு நல்லா இருக்கணும்."

போன தீபாவளிக்கு முன்பு ஆட்டையாம்பட்டியில் இருக்கும் அத்தை கேட்டது இது. சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் இருக்கும் அந்த ஊருக்கு அடையாளமே கைமுறுக்குதான். அச்சில் போட்டுப் பிழிகிற முறுக்கு இல்லை. மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்ற வேண்டும். பழகிய கைக்கே நேரம் பிடிக்கும்.

டிஜிட்டல் டெஸ்கில் போஸ்டர் போடுவது எனக்குத் தினசரி வேலை. அரை மணி நேரத்தில் கேன்வாவில் முடித்துவிட்டேன். முறுக்கு போட்டோ, அத்தையின் போன் நம்பர், பெரிய எழுத்தில் '250 கிராம் 60 ரூபாய்'. சொந்தக்காரர்கள் குரூப், அபார்ட்மென்ட் குரூப் என்று போஸ்டர் சுற்றியது. மூன்றே நாளில் 200 பாக்கெட் ஆர்டர்!

தீபாவளி முடிந்ததும் அத்தை கேட்டார்: "இத்தனை பாக்கெட் போச்சு. கையில ஒண்ணும் நிக்கலையே கண்ணு?"

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தப்பு என்னுடையது. விலை என்ன என்று கேட்டேனே தவிர, அந்த விலை எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

கணக்கில் விடுபட்ட வரி

அத்தையின் மனக்கணக்கு இதுதான். எண்களைப் புரிவதற்காக முழுதாக்கித் தருகிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பச்சரிசி 5 கிலோ 300 ரூபாய், உளுந்து 1 கிலோ 130, முறுக்கு குடிக்கும் எண்ணெய் 2 லிட்டர் 300, வெண்ணெய், எள், சீரகம், உப்பு எல்லாம் சேர்த்து 120, கேஸ் 100, கவரும் ஸ்டிக்கரும் 120. மொத்தம் 1,070 ரூபாய். கிடைப்பது 30 பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்கு 36 ரூபாய்கூட ஆகவில்லை. 60 ரூபாய்க்கு விற்றால் 24 ரூபாய் லாபம்!

இதில் இரண்டு வரிகள் இல்லை. ஒன்று, உடைசல். முப்பதில் மூன்று பாக்கெட் அளவு முறுக்கு உடைந்து வீட்டுக்குப் போய்விடும். விற்க முடிவது 27தான். இரண்டு, கூலி. உடன் சுற்ற வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய். அத்தைக்கும் அதே 400 வைத்தால் மொத்தச் செலவு 1,870. அதை 27-ஆல் வகுத்தால் ஒரு பாக்கெட்டின் அடக்க விலை 69 ரூபாய் 26 காசு. நாங்கள் விற்றது 60.

அப்படியும் பணம் வந்ததே என்றால், அது அத்தையின் கூலியிலிருந்து வந்தது. 27 பாக்கெட் விற்ற 1,620 ரூபாயில் சரக்குச் செலவும் அக்காவின் கூலியும் போக மீதி 150 ரூபாய். விடிகாலை நாலு மணிக்கு எழுந்தவரின் ஒரு நாள் உழைப்புக்கு அதுதான் மிச்சம். அதிலும் பார்சல் செலவு போனது.

ஷீட் போடுவது எப்படி?

கூகுள் ஷீட்ஸ் இலவசம். கம்ப்யூட்டரிலும் போனிலும் வேலை செய்யும். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும்.

மேல் வரிசையில் நான்கு தலைப்புகள்: பொருள், அளவு, விலை, தொகை. தொகைக் கட்டத்தில் சமக்குறி போடுங்கள். அளவுக் கட்டத்தைத் தொட்டு, நட்சத்திரக் குறி போட்டு, விலைக் கட்டத்தைத் தொட்டு என்டர் தட்டுங்கள். பெருக்கல் தானாக நடக்கும். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தின் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிகளுக்கும் அதே கணக்கு வந்துவிடும்.

கூட்டுவதற்கு, தொகைக்குக் கீழே இருக்கும் காலிக் கட்டத்தைத் தொட்டு, கம்ப்யூட்டரில் மேலே தெரியும் சிக்மா குறியில் 'சம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாக்கெட் எண்ணிக்கையைத் தனிக் கட்டத்தில் வைத்து, மொத்தத்தை அதனால் வகுங்கள். வகுப்பதற்குச் சாய்கோடு.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எண் கட்டத்தில் '60 ரூ' என்றோ '5 கிலோ' என்றோ எழுதினால் ஷீட் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, பிழை காட்டும். எண்ணை மட்டும் எழுதுங்கள். ரூபாய், கிலோ எல்லாம் தலைப்பிலேயே இருக்கட்டும்.

கேஸ் வரியிலும் கவனம். வியாபாரத்துக்குச் செய்யும்போது வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

இதன் பலன் எண்ணெய் விலை ஏறும்போது தெரியும். ஒரே ஒரு கட்டத்தை மாற்றினால் பாக்கெட்டின் அடக்க விலை அடுத்த நொடியே மாறிவிடும்.

போஸ்டரில் விலை வேண்டாம்

ஷீட் போட்ட பிறகு அத்தை 90 ரூபாய் என்று விலை வைத்தார். கடைக்குக் கொடுத்தால் 15 சதவிகிதம் கமிஷன் போக 76 ரூபாய் 50 காசு வரும். அடக்க விலை போக, பாக்கெட்டுக்கு 7 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் நிற்கும். நேரில் விற்றால் இன்னும் கூட.

ஆனால், பழைய போஸ்டர் சும்மா இருக்கவில்லை. "60 ரூபாய்னுதானே போட்டிருக்கீங்க?" என்று அதையே திருப்பி அனுப்பியவர்கள் பலர். குரூப் குரூப்பாகப் போய்விட்ட படத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

அதனால், போஸ்டரில் பொருளும் போன் நம்பரும் மட்டும் இருக்கட்டும். விலையை வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் உள்ள கேட்டலாக்கில் போடுங்கள். அங்கே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பண்டிகைக்கு விலை போட்டே ஆக வேண்டுமென்றால், 'இந்தத் தேதி வரை மட்டும்' என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

போட்டோ, எழுத்து, அச்சு

போனின் லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, ஜன்னல் ஓரத்தில் வைத்து போட்டோ எடுங்கள். ஃப்ளாஷ் போட்டால் முறுக்கில் எண்ணெய்ப் பளபளப்புதான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். அச்சகத்துக்கு அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். 4 அங்குல அகல ஸ்டிக்கர் தெளிவாக அச்சாக, படம் 1,200 பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும். கேன்வாவில் 'பி.டி.எஃப். பிரிண்ட்' என்று எடுத்துக் கொடுப்பது நல்லது. ஸ்கிரீனில் தெரியும் நிறம் அச்சில் கொஞ்சம் மங்கலாம் என்பதால், முதலில் ஒரே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

தமிழை யூனிகோடில் டைப் செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். டி.டி.பி. சென்டரில் கொடுத்து வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டிக்கரில் அழகைவிட விவரம் முக்கியம். பொருளின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகச் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், விலை, தயாரிப்பாளர் முகவரி, தொடர்பு எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். விற்பனைக்காக ஊர்ப் பெயரை மாற்றிப் போடாதீர்கள். மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. எங்கோ சுட்டுவிட்டு அந்தப் பெயரை ஒட்டுவது சட்டப்படி தவறு.

அதே ஷீட் லோனுக்கும் உதவும்

அத்தை இப்போது மாவு மெஷினும் சீலிங் மெஷினும் வாங்க யோசிக்கிறார். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் உண்டு. பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு, 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். நம் பங்காக 10 சதவிகிதமாவது போட வேண்டும். தற்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல கடன்களுக்குத் திட்ட அறிக்கை கேட்பார்கள். பயப்பட வேண்டாம். உங்கள் ஷீட்டில்தான் பாதி அறிக்கை இருக்கிறது. இன்னொரு பக்கம் திறந்து மெஷின் விலை, மாதச் சரக்குச் செலவு, மாத விற்பனை, தவணை ஆகியவற்றை எழுதுங்கள்.

50,000 ரூபாயை 12 சதவிகித வட்டியில் 36 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 1,661 ரூபாய். கடைக்குக் கொடுக்கும் விலையில் ஒரு நாள் சரக்குக்கு லாபம் சுமார் 195 ரூபாய். அப்படியென்றால் மாதத்தில் ஒன்பது நாள் லாபம் தவணைக்கே போகும். மெஷின் வந்தால் அதைவிட அதிகமாக விற்க முடியுமா? மேனேஜர் கேட்பதற்கு முன் இந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்வதுதான் திட்டமிடல்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இட்லி மாவோ, பிளவுஸ் தையலோ, ஊறுகாயோ, நீங்கள் விற்கும் ஒரு பொருளுக்கு ஷீட் போடுங்கள். முதல் வரியில் அரிசியோ துணியோ வேண்டாம். 'என் கூலி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண்ணைப் போடுங்கள்.

அத்தையின் ஷீட்டில் இப்போது அதுதான் முதல் வரி. "இதை எழுதறதுக்கே கூச்சமா இருந்துச்சு கண்ணு" என்றார். போன வாரம் போன் செய்தபோது, அந்தக் கட்டத்தில் இருந்த 400-ஐ அவரே 450 ஆக்கியிருந்தார்.