வெண்மை மாறும் விளையாட்டுப் பெட்டிகள்

பிளாஸ்டிக் அழிவில்லாத பொருள் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். மண்ணிற் புதைத்தால் அது எளிதில் உக்குவதில்லை. கடலில் எறிந்தாற் கரைவதில்லை. ஆயினும், அருமையாகப் பேணி அலமாரியில் வைத்த பிளாஸ்டிக் பொருள் மஞ்சளாகிறது, வளைகிறது, ஒருநாள் நொறுங்கியும் போகிறது. இவ்விரண்டும் எங்ஙனம் ஒருங்கே உண்மையாகும்? இதற்கு விடை காணும்பொருட்டு, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துச் சிறுவர் விளையாடிய சின்னஞ்சிறு புகையிரதப் பெட்டிகளை இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வோம்.

லிவர்பூல் நகரில் பிராங்க் ஹோர்ன்பி என்பார் நிறுவிய மெக்கானோ கம்பனி 1920 ஆம் ஆண்டு முதல் விளையாட்டுப் புகையிரதங்களைச் செய்து விற்றது. 1938 இல் 'ஹோர்ன்பி டப்ளோ' என்னும் சிறிய அளவு வண்டிகள் வெளிவந்தன. அவற்றின் சரக்குப் பெட்டிகள் அக்காலத்தில் தகரத்தால் ஆனவை. பலகை, ஆணி, கதவு யாவும் தகரத்தின்மீது அச்சிட்ட ஓவியங்களே. 1950களில் நிலைமை மாறியது. ரோவெக்ஸ் என்னும் கம்பனி, 1950 ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்காக மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் கடைகளுக்குப் பிளாஸ்டிக் புகையிரதம் ஒன்றைச் செய்து கொடுத்தது. அடுத்த ஆண்டில் லைன்ஸ் சகோதரர் அக்கம்பனியை வாங்கி, 'ட்ரை-ஆங்' என்னும் பெயரால் இத்தொழிலைப் பெருக்கினர். பலகைகளின் இடைவெளியும் கதவின் கீலும் புடைத்துத் தோன்றும்படி பிளாஸ்டிக்கில் வார்க்க முடிந்தது. ஹோர்ன்பி டப்ளோவும் 1950களின் பிற்பகுதியில் இவ்வழியையே பின்பற்றிற்று.

அந்நாளில் பிரித்தானியப் புகையிரதப் பகுதியார், துறைமுகங்களிலிருந்து மீன் ஏற்றிச் செல்வதற்கு வெள்ளை நிறம் பூசிய பெட்டிகளை ஓட்டினர். வெப்பத்தை ஈர்க்காதிருப்பதற்கே அந்த வெண்மை. பக்கத்திலிட்ட நீலப் பொட்டு, அதன் சில்லுகள் உருளைத் தாங்கிகளிற் சுழல்வன என்பதற்கு அடையாளம். இப்பெட்டியையும் ஹோர்ன்பி டப்ளோ சிற்றுருவிற் செய்து விற்றது. இத்தகைய வெள்ளைப் பெட்டிகளை இன்று எடுத்துப் பார்ப்போர், சிலவற்றில் பழைய வெண்மையைக் காண்பதில்லை. பழுத்த தந்தத்தின் மஞ்சளையே காண்கின்றனர்.

இம்மாற்றத்தின் காரணம் யாது? இவ்வகைப் பெட்டிகளுக்குப் பெரிதும் பயன்பட்ட பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்டிக், எண்ணிறந்த சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோத்துக்கொண்ட பொருளாகும். இத்தகைய நெடுஞ்சங்கிலிகள் உண்டு என்று 1920 இல் எடுத்துரைத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்ரவுடிங்கர். முதலில் அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1953 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சூரிய ஒளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் இச்சங்கிலியைத் தாக்குகின்றன. தாக்குண்ட இடத்திற் காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேர்கின்றது. அவ்வாறு தோன்றும் புதிய சேர்க்கைகள், ஒளியின் நீல, ஊதாப் பகுதிகளை விழுங்கிவிடுகின்றன. நீலம் குறைந்து மீளும் ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுகின்றது. ஆகவே இது மேலே படிந்த அழுக்கன்று. சவர்க்காரமிட்டுக் கழுவினாலும் போகாது. பொருளே மாறிவிட்டது.

பெட்டியின் கூரையைக் கழற்றிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். ஒளி படாத உட்புறம் பெரும்பாலும் பழைய நிறத்துடன் இருக்கும். சாளரத்தை நோக்கியிருந்த பக்கமே கூடுதலாக மஞ்சளித்திருக்கும். நீலப் பெட்டியில் இம்மஞ்சள் கலந்தாற் பசுமைச் சாயல் தோன்றும். கரிப்பொடி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக்கோ அத்துணை எளிதிற் கெடுவதில்லை. கரி அக்கதிர்களைத் தானே ஏற்றுக்கொண்டு சங்கிலியைக் காக்கின்றது.

நிறமாற்றத்தோடு நில்லாத பிளாஸ்டிக்குகளும் உண்டு. ரோவெக்ஸ் கம்பனி தொடக்கத்திற் பயன்படுத்திய செலுலோஸ் அசற்றேற்று என்னும் பொருள், நாளடைவிற் சுருங்கிக் கோணலாகும் இயல்புடையது. அது சிதையும்போது அசற்றிக் அமிலம் வெளிப்படுவதால் வினாகிரியின் நெடி வீசும். அந்த ஆவி சிதைவை மேலும் விரைவுபடுத்துவதுடன், அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். ஆதலின் நெடி வீசும் பெட்டியை ஏனையவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

மஞ்சளித்ததை மீண்டும் வெண்மையாக்கலாகாதோ என வாசகர் வினவலாம். பழைய கணினிகளின் உறைகளை ஐதரசன் பேரொட்சைட்டினாலும் ஊதாக் கடந்த ஒளியினாலும் வெளுக்கும் முறை 2008 ஆம் ஆண்டளவிற் பரவியது. விளையாட்டுப் பெட்டிகளிலும் அதனைக் கையாள்வோர் உளர். வெண்மை திரும்புவது மெய். எனினும் அறுந்த சங்கிலிகள் மீண்டும் பொருந்துவதில்லை. வெளுத்த பொருள் மறுபடி மஞ்சளாவதும், திட்டுத்திட்டாக வெளுப்பதும், எழுத்துகள் கெடுவதும் உண்டு. நோயாளியின் முகத்திற்கு மாப்பூசியதால் நோய் தீராதன்றோ? விற்பவர் வெளுத்ததைச் சொல்லாது மறைத்தால், வாங்குபவர் ஏமாற்றப்பட்டவராகின்றார். எனவே அரிய பெட்டியை வெளுக்காது விடுவதே தக்கது என்பது நம் கருத்து.

அப்படியாயின் இவற்றை இருட்டறையிற் பூட்டிவைப்பதா? குழந்தை கையில் உருள்வதற்கன்றோ இவை பிறந்தன! பார்த்து மகிழ்வதை விடவேண்டியதில்லை. வெயிலில் நிரந்தரமாக வைப்பதையே விடவேண்டும். வெளியில் முழு வெயிலின் அளவு 1,00,000 லக்ஸ் வரை செல்லும். மிக மென்மையான பொருட்களை நூதனசாலைகள் 50 லக்ஸ் அளவு ஒளியிலேயே காட்சிக்கு வைக்கின்றன. சாளரக் கண்ணாடி முழுக்காப்பு அன்று. ஊதாக் கடந்த கதிர்களில் ஒரு பகுதி அதனூடே புகும். ஆகையாற் சாளரத்துக்கு எதிரேயுள்ள தட்டைத் தவிர்த்து, வெப்பம் குறைந்த உலர்ந்த இடத்தில் வைத்து, வேண்டும்போது எடுத்துப் பார்த்தல் நன்று. பீ.வி.சீ. உறையிட்ட மின்கம்பிகளைப் பெட்டிகளோடு ஒட்டவைத்தல் ஆகாது. அவ்வுறையை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் பொலிஸ்ரைரீனிற் பரவி அதனை இளகச் செய்யும்.

இனித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். பிளாஸ்டிக் கெடுவது மெய், மறையாதிருப்பதும் மெய். கடலில் மிதக்கும் துண்டும் வெயிலால் நொறுங்குகின்றது. ஆனால் அதன் துகள்கள் நெடுங்காலம் தங்கிவிடுகின்றன. நாம் விரும்பிப் பேணும் நிறமும் உருவும் உறுதியும் முதலிற் போகின்றன; நாம் வேண்டாத துகளே எஞ்சுகின்றது. வீட்டில் மஞ்சளித்த மின் ஆளியையோ, பிள்ளையின் பழைய பொம்மையையோ காணும்போது மாணவர்கள் இதனை நினைவிற் கொண்டு, வெயில் பட்ட பக்கம் எது, படாத பக்கம் எது என ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.