இரத்தப் பணமா, இழப்பீடா?

“செத்தவன் உயிருக்கு விலை பேசுவதா? அது இரத்தப் பணம், சாமி. வீட்டில் தங்காது.”

எமது பங்கின் அன்பியக் கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர் கூறிய சொற்கள் இவை. கூடியிருந்தோர் ஆமோதித்துத் தலையசைத்தனர். யாரைக் குறித்து இவ்வாறு கூறப்பட்டதோ அந்தக் கைம்பெண் சுவரோரம் அமர்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் செய்த குற்றம், இழப்பீட்டுக்கு மனு எழுத உதவி கேட்டது.

அவளுடைய கணவர் கொத்தனார். 2023 பிப்ரவரியில் ஒருநாள், முதல் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் சைக்கிளில் சென்றவரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி மோதித் தள்ளிவிட்டு நிற்காமல் சென்றது. அதன் எண் எவருக்கும் தெரியவில்லை. காவல் நிலையத்தில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று வழக்குப் பதிவாயிற்று. அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். யோபுவின் பொறுமையைச் சுட்டி, இதுவும் இறைத் திருவுளமே என்று மறையுரையாற்றினேன். அன்பியத்தார் பதினோராயிரம் ரூபாய் திரட்டிக் கொடுத்தனர். முப்பதாம் நாள் திருப்பலியும் முடிந்தது. கடமை தீர்ந்தது என்று எண்ணினோம்.

அந்த மறையுரையை இன்று நினைக்கையில் வெட்கப்படுகிறேன். இறைவன் லாரி ஓட்டவில்லை. ஓட்டியவன் ஒரு மனிதன். விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல்துறைக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர்மீது சுமத்தும் கடமைகள். வேகத்தின்மீதுள்ள மோகத்தாலோ குடிபோதையாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஊறு தேடுவோர் பெருங்குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது (எண் 2290). மனிதன் செய்த பாவத்தை இறைவன் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் சூட்டுகிறோம்.

‘இரத்தப் பணம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? யூதாசு வீசியெறிந்த முப்பது வெள்ளிக்காசுகளைக் குறித்துத் தலைமைக் குருக்கள் சொன்னது அது (மத் 27:6). குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கிடைத்த கூலி அது. கணவனைப் பறிகொடுத்தவளுக்கு வரும் இழப்பீடு கூலியா? அது கடன்! சண்டையில் ஒருவனைக் காயப்படுத்தியவன், அவன் படுக்கையில் கிடந்த நாள்களின் வேலையிழப்புக்கு ஈடுசெய்து, முற்றும் குணமடையும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல் (21:18-19). கிணற்றை மூடாமல் விட்டதால் அயலானின் மாடு விழுந்து செத்தாலும் ஈடுசெய்தே தீர வேண்டும் (21:33-34). மாட்டுக்கு உண்டு, கொத்தனாருக்கு இல்லையா? குருமடத்தில் நாங்கள் பயின்ற புனித தோமா அக்குயினார், ஈடுசெய்தலை இரக்கச் செயல்களோடு வைக்கவில்லை. நீதியின் செயல்களோடு வைத்தார். சக்கேயு ஆண்டவரிடம் வருத்தம் மட்டுமா தெரிவித்தார்? நான்மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்ன பின்னரே அவர் வீட்டுக்கு மீட்பு வந்தது.

“மன்னிக்க வேண்டாமா, சாமி?” என்று அடுத்த கேள்வி வரும். மன்னிக்க வேண்டும். ஆனால் மன்னிப்பது அவளுடைய உரிமை. அன்பியம் வாக்கெடுத்துத் தீர்மானிப்பதன்று. தன் நெஞ்சின் கசப்பை அவள் விட்டுவிடலாம். பிள்ளைகளின் சோற்றை விட்டுக்கொடுக்க அவளுக்கே உரிமையில்லை. 2007-இல் உரோமையிலிருந்து வெளிவந்த சாலைப் பயணிகளுக்கான அருள்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. குற்றமிழைத்த ஓட்டுநரும் பாதிக்கப்பட்டோரும் தக்க வேளையில் சந்தித்து மன்னிப்பின் விடுதலையை உணர வழிசெய்யுமாறு அவற்றில் ஒன்று கேட்கிறது. அதற்கு முந்திய கட்டளை எது தெரியுமா? விபத்தில் சிக்கியோரின் குடும்பங்களுக்குத் துணைநிற்பது. வரிசையைக் கவனியுங்கள்.

நீதிமன்றம் ஏறுவது கிறிஸ்தவனுக்கு அழகன்று எனப் பவுலை மேற்கோள் காட்டுவோரும் உண்டு. கொரிந்தியரை அவர் கடிந்துகொண்டது, சகோதரர்கள் தமக்குள் வழக்காடி அதைப் பிற இனத்தாரிடம் கொண்டுபோனதற்காக. அதே பவுல், பிலிப்பியில் முறைகேடாக அடிக்கப்பட்டபின் ஓசையின்றி வெளியேற மறுத்தார் (திப 16:37). சீசரிடமே மேல்முறையீடு செய்தார் (திப 25:11).

சரி, மோதியவன் யாரென்றே தெரியவில்லையே, யாரிடம் கேட்பது? இங்கேதான் இணைச்சட்ட நூலின் 21-ஆம் அதிகாரத்தை வாசகர் திறந்து பார்க்க வேண்டும். வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரெனத் தெரியாது. மூப்பர்களும் நீதித்தலைவர்களும் வந்து பிணத்துக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவை அளக்கின்றனர். எவ்வூர் அண்மையிலுள்ளதோ அவ்வூர் மூப்பர்கள் பொறுப்பேற்று, ஓடையருகே இளம்பசுவைக் கொன்று, அதன்மேல் கைகளைக் கழுவி மன்றாடுகின்றனர். குற்றவாளி அகப்படாததால் கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஊர் அதை ஏற்கிறது. பிலாத்தும் கை கழுவினான். அவன் எதையும் அளக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவெனத் தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்கிறது. 1988-இல் சட்டம் இயற்றப்பட்டபோது உயிரிழப்புக்கு 8,500 ரூபாய், 1994-இல் 25,000, 1.4.2022 முதல் இரண்டு இலட்சம். கொடுங்காயத்துக்கு 50,000. இப்பணம் எவருடைய தருமமும் அன்று. காப்பீட்டு நிறுவனங்களின் பங்களிப்பால் அமைந்த நிதியிலிருந்து வருவது. அதாவது, வண்டி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் கட்டும் காப்பீட்டுத் தொகைக்கும் அதில் தொடர்பு உண்டு. ஊர் ஏற்கிறது என்பதன் இக்கால வடிவம் இது. தொகை போதாது, ஒரு கொத்தனாரின் ஓராண்டுக் கூலிக்குக்கூட ஈடாகாது. ஆனால் அந்தப் போதாத தொகையையும் வாங்க ஆளில்லை! 2022-இல் இந்தியாவில் மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அவற்றில் மாண்டோர் 30,486 பேர். கேட்கப்பட்ட இழப்பீடுகளோ 205, தீர்க்கப்பட்டவை 95. 2024 சனவரியில் உச்ச நீதிமன்றமே இக்கணக்கை எடுத்துக்காட்டி வருந்தியது. வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவெனத் தெரியாவிடில், இத்தகைய இழப்பீடு உண்டு என்பதைக் காவல்துறை குடும்பத்தாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நம் பங்குகளில் எத்தனை குடும்பங்களுக்கு அந்தக் கடிதம் வந்திருக்கிறது? வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டவர் யார்?

செய்ய வேண்டியது பெரிய வித்தையன்று. முதல் தகவல் அறிக்கையின் படி, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாளச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு படிவத்தை நிரப்பி, விபத்து நேர்ந்த வட்டத்தின் விசாரணை அலுவலரிடம், அதாவது கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ளவரிடம் தர வேண்டும். அவருடைய அறிக்கையின்பேரில் மாவட்ட ஆட்சியர் தொகையை அனுமதிப்பார். பின்னர் வண்டி அகப்பட்டால் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கலாம். அங்கே கிடைத்தபின் முன்பு பெற்றதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். தீர்ப்பாயத்துக்கு ஆறு மாத வரம்பு ஒன்று 2022 முதல் சட்டத்தில் உள்ளது. அதைக் குறித்து வழக்குகள் எழுந்துள்ளபோதும், ஆண்டு நினைவுத் திருப்பலிவரை காத்திருப்பது அறிவுடைமையன்று. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையெனில், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் அங்கே இலவச உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. இதை அறியாததால்தான் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் தரகரிடம் நம் மக்கள் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு, வருவதில் பாதியை இழக்கின்றனர்.

சாட்சிகளைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கொத்தனார் ஒரு மணி நேரம் சாலையோரம் கிடந்தார். அவ்வழியே சென்றோரில் நம் பங்கினரும் இருந்தனர் என்று பிறகு அறிந்தேன். “போலீசு, கோர்ட்டு என்று அலையவிடுவார்கள், சாமி” என்றனர். உதவி செய்தவரைத் தம் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாதென 2016-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நெறிமுறைகள் கூறின. 2019 திருத்தம் அதைச் சட்டமாகவே ஆக்கிற்று. சட்டம் ‘நல்ல சமாரியர்’ என்றே அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது. நம்முடைய விவிலியத்திலிருந்து அரசு எடுத்துக்கொண்ட பெயர். அதை வாசித்து வளர்ந்தவர்களோ மறுபக்கமாய் விலகிப் போகின்றனர். அந்த உவமையில் முதலில் விலகிப் போனவர் குரு என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்பியக் கூட்டம் முடிந்தபின், வருவாய்த்துறையில் எழுத்தராயிருந்து ஓய்வுபெற்ற பங்குமக்களில் ஒருவர் திருப்பலி உடை அறை மேசையிலேயே அவளுக்கு மனுவை எழுதினார். விபத்து நடந்து அப்போது ஐந்து மாதம். அலுவலகத்தில் அவளை நான்குமுறை திருப்பியனுப்பினர். ஒருமுறை நானும் உடன்சென்று மரப்பலகையில் காத்திருந்தேன். விசாரணை அறிக்கைக்குத் திட்டம் தரும் காலம் ஒரு மாதம். பணம் வந்துசேரப் பத்து மாதம் ஆயிற்று. வந்தது. மூத்த மகளின் செவிலியர் படிப்பு நிற்கவில்லை. அப்பணம் வீட்டில் தங்கவில்லை என்பது உண்மைதான், கல்லூரிக்குப் போய்விட்டது.

அதன்பின் பங்கின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். பத்தாண்டுகளில் அடையாளம் தெரியாத வாகனத்தால் மாண்டோர் இன்னும் நால்வர். அவர்களுள் ஒருவர் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துசென்ற இளைஞர். நான்கு வீடுகளுக்கும் சென்று கேட்டேன். ஒருவரும் மனுச் செய்யவில்லை. செய்யலாம் என்பதே தெரியாது. அந்த இளைஞரின் தாய் தேநீர் கொடுத்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாய்க் கேட்டாள். பிறகு, “அடக்கத்தன்னைக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, சாமி?” என்றாள்.