குயினோவா வாங்க முடியலையா? அப்பவும் வீகன் ஆகலாம்

ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீகன் ஆகணும்னு நினைக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "புரதத்துக்கு என்ன பண்றது?" இணையத்தில் தேடினால் உடனே ஒரு பதில் வரும்: குயினோவா. அடுத்த கேள்வி, "அது கிலோ எவ்வளவு?" அதுக்குப் பதில் தெரிஞ்சதும் பாதிப் பேர் முடிவை மாத்திக்கிறாங்க. மீதி இருக்கிறவர்களில் சிலர் பால், தயிர், முட்டையை நிறுத்திட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் மெஸ் சாதத்தையும் ரசத்தையும் வெச்சே செமஸ்டரை ஓட்டுறாங்க. இந்தக் கட்டுரை முக்கியமா அவர்களுக்காகத்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குயினோவா உண்மையிலேயே நல்ல உணவு. ஆனால் வீகன் ஆவதற்கு அது நுழைவுச்சீட்டு மாதிரி பேசப்படுவது தப்பு. அந்தப் பேச்சால் ரெண்டு கெடுதல். ஒன்று, வீகன் என்றாலே பணக்காரங்க சமாச்சாரம்னு ஒரு எண்ணம் வருது. இன்னொன்று, குயினோவா சாப்பிட்டாச்சு, எல்லாச் சத்தும் வந்துடுச்சுன்னு ஒரு நிம்மதி வருது. இரண்டாவதுதான் ஆபத்து.

முதலில், இது என்ன?

பார்க்கத் திணை மாதிரி இருந்தாலும், தாவரவியல்படி குயினோவா தானியமே இல்லை. நெல், கோதுமை, கேழ்வரகு எல்லாம் புல் குடும்பம். குயினோவா என்பது பாலக்கீரை, பீட்ரூட், நம்ம தண்டுக்கீரை எல்லாம் இருக்கிற குடும்பத்துச் செடி ஒன்றின் விதை. ஊர் தென் அமெரிக்கா. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே டிடிகாகா ஏரி இருக்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், அந்த ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிராகிறது. அங்கே பேசப்படும் கெச்சுவா மொழியில் அதன் பெயர் 'கின்வா'. இரவில் உறைபனி, மண்ணில் உப்பு, மழை குறைவு என்று நெல்லால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத இடத்தில் வளரும் பயிர் அது.

1993ல் நாசா ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. நீண்ட விண்வெளிப் பயணங்களில் பயிரிட ஏற்றதா என்று குயினோவாவை அதில் ஆராய்ந்திருந்தார்கள். பொலிவியா முன்மொழிந்ததை ஏற்று ஐ.நா. சபை 2013ஐ சர்வதேச குயினோவா ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் ஏறிவிட்டது.

'முழுப் புரதம்' என்றால் என்ன?

குயினோவா பாக்கெட்டில் பெரிசா எழுதியிருக்கும் வாசகம் இதுதான். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அதில் ஒன்பதை நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரணும். இந்த ஒன்பதும் போதுமான விகிதத்தில் இருந்தால் அது முழுப் புரதம். அரிசியில் லைசின் என்கிற ஒன்று குறைவு. குயினோவாவில் அது போதுமான அளவு இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் பாக்கெட்டில் எழுதாத ரெண்டு விஷயம் இருக்கு. குயினோவா மட்டும்தான் இப்படி என்பது சரியில்லை. சோயாவும் அப்படித்தான். அடுத்தது, ஒவ்வொரு உணவுப் பொருளும் தனித்தனியா முழுசா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்லை. அரிசியில் குறையும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ரெண்டும் ஒரே தட்டில்கூட வரத் தேவையில்லை. ஒரு நாளுக்குள் வந்தால் போதும்.

நாம இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ். வாயால சொன்னா ஒத்துக்க மாட்டோம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் உள்ள எண்கள் இவை. எல்லாம் சமைக்காத எடை.

குயினோவா 100 கிராம்: சுமார் 368 கலோரி, 14.1 கிராம் புரதம். ஒரு கிராம் புரதத்தில் லைசின் 54 மில்லிகிராம்.

இப்போ 75 கிராம் வெள்ளை அரிசி, 25 கிராம் துவரம்பருப்பு எடுத்துக்குங்க. மொத்தம் அதே 100 கிராம். கலோரி சுமார் 360. புரதம் 10.8 கிராம். ஒரு கிராம் புரதத்தில் லைசின் 53 மில்லிகிராம்.

லைசின் விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பெரியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 45, ரெண்டுமே பாஸ். புரத அளவில் குயினோவா முன்னால் இருக்கிறது, மறுக்கலை. அரிசியையும் பருப்பையும் சரிபாதியா மாத்திப் பாருங்க, புரதம் 14.4 கிராமுக்குப் போயிடும். ஆக, தரத்தில் பருப்பு சாதம் தோற்கவில்லை. நம்ம தட்டில் பருப்பு குறைவா விழுது, அதுதான் பிரச்சினை. மெஸ் சாம்பார்ல பருப்பைத் தேடிக் கண்டுபிடிச்சவங்களுக்கு இது புரியும்.

இன்னொரு கணக்கு. ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் வேண்டும்; 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 46. முழுக்கத் தாவர உணவு என்றால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. வேகவைத்த குயினோவா 100 கிராமில் புரதம் 4.4 கிராம்தான், ஏன்னா அதில் பெரும்பகுதி தண்ணீர். 54 கிராம் புரதத்தையும் அதிலேயே எடுக்கணும்னா தினமும் 1.2 கிலோ வெந்த குயினோவா சாப்பிடணும். யாரும் சாப்பிட மாட்டாங்க. புகைப்படத்தில் வரும் அந்த ஒரு சின்னக் கிண்ணம் உங்க புரதப் பிரச்சினையைத் தீர்க்காது.

விலை ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். அதனால் நான் விலை சொல்லலை, ஃபார்முலா தர்றேன். ஒரு கிலோவில் இருக்கும் புரதம்: குயினோவா சுமார் 140 கிராம், துவரம்பருப்பு 217, வேர்க்கடலை 258, மீல் மேக்கர் 500க்கு மேல். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு கிலோ விலையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்க. ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு காசு கொடுக்கிறீங்கன்னு தெரியும். விடை பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

அப்போ குயினோவா வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. அது ஜெயிக்கிற இடங்கள் உண்டு. 100 கிராமில் 7 கிராம் நார்ச்சத்து, கிட்டத்தட்ட 200 மில்லிகிராம் மெக்னீசியம், ஓரளவு நல்ல இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் இருக்கின்றன. தீட்டிய வெள்ளை அரிசி இதில் பக்கத்தில்கூட வராது. குளூட்டன் கிடையாது என்பதால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல வழி. ரூம் எடுத்துத் தங்கி ஒரே ஒரு பாத்திரத்தில் சமைக்கிறவர்களுக்கு 15 நிமிடத்தில் வெந்துவிடுகிற வசதி.

வாங்கினால் ஒரு விஷயம் மறக்காதீங்க. விதையின் மேல் சபோனின் என்று கசப்பான பூச்சு இருக்கும். பறவைகள் கொத்தாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் பாதுகாப்பு அது. தண்ணீரில் போட்டால் சோப்பு மாதிரி நுரைக்கும். நுரை நிற்கும் வரை கழுவி, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணீர் வைத்து வேகவிடுங்க. வெந்ததும் வெள்ளையா ஒரு சின்ன வால் சுருண்டு வெளியே வரும். தாளித்து எலுமிச்சை பிழிந்தால் உப்புமா மாதிரியே இருக்கும். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. அதிலுள்ள வைட்டமின் சி, தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா அது தலைகீழ், இரும்பு சேர்வது குறையும்.

அதே சமயம் கேழ்வரகையும் மறந்துடாதீங்க. 100 கிராமில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம். பாலை விட்டவர்களுக்குக் கால்சியம்தான் அடுத்த கவலை. அந்த இடத்தில் குயினோவாவை விடக் கேழ்வரகுக் களியும் கூழும் முன்னால் நிற்கின்றன.

சிலர் வேற காரணம் சொல்லிக் குயினோவாவைத் தவிர்க்கச் சொல்வாங்க: "நாம வாங்கி வாங்கி விலை ஏறி, பொலிவியா ஏழைகளுக்கே அது கிடைக்கலை." 2013ல் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகையில் இப்படி ஒரு கட்டுரை வந்து பெரிய சண்டையே நடந்தது. பிறகு பெருவில் குடும்பங்களின் வரவு செலவுத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள், விலை ஏறிய காலத்தில் அந்த மக்களின் நிலை மோசமாகவில்லை, சற்று மேம்பட்டது என்றே கண்டார்கள். அடி விழுந்தது விலை இறங்கியபோதுதான். பல இடங்களில் பயிரிட ஆரம்பித்ததும் 2015 வாக்கில் விலை சரிந்தது. மேட்டு நிலத்துச் சிறு விவசாயி திணறினார். ஒரு உணவை ஃபேஷனாக்கித் தூக்கி, பிறகு கைவிட்டால் அடி யாருக்கு விழும் என்பதற்கு இது ஒரு பாடம். நாளைக்கு நம்ம சிறுதானியத்துக்கும் இது நடக்கலாம்.

எந்தக் குயினோவாவாலும் முடியாத ஒன்று

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தி மட்டும் படிப்பீங்கன்னா, இதைப் படிங்க. வைட்டமின் பி12 குயினோவாவில் இல்லை. பருப்பில் இல்லை, கீரையில் இல்லை, கேழ்வரகில் இல்லை. அதை உருவாக்குவது பாக்டீரியா. நமக்கு வழக்கமாக வருவது பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக. சைவக்காரர்களுக்குத் தயிரும் பாலும்தான் கைகொடுக்கின்றன. வீகன் ஆகும் நாளில் அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. இட்லி மாவு புளிக்குதே, ஸ்பைருலினா இருக்கேன்னு சொல்வாங்க. எதுவும் நம்பத்தகுந்த வழி கிடையாது.

இதில் சிக்கல் என்னன்னா, கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட ஒன்றும் தெரியாது. பிறகு சோர்வு, கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, கவனமின்மை என்று மெல்ல வரும். செமஸ்டர் டென்ஷன்னு நாம நினைச்சுக்குவோம். கீரையும் பருப்பும் நிறைய சாப்பிடுவதால் ஃபோலேட் தாராளமா கிடைக்கும். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் அந்தப் பாதிப்பு முழுசா சரியாகாமலும் போகலாம்.

தீர்வு ரொம்ப எளிது. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். பி12 மாத்திரை பாக்டீரியாவை வளர்த்துத்தான் தயாராகிறது, அதனால் வீகன் கொள்கைக்கும் இடைஞ்சல் இல்லை. ஜெலட்டின் உறை இல்லாததா பார்த்து வாங்குங்க. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை டாக்டரிடம் கேட்டு, ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துடுங்க. குயினோவாவுக்கு ஒதுக்க நினைத்த காசில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

மெஸ் கமிட்டிக்கு ஒரு கோரிக்கை

ஒரு நாள் கணக்கு இதோ: அரிசி 300 கிராம், பருப்பு 60 கிராம், வேர்க்கடலை 50 கிராம், சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 50 கிராம். கூட்டினால் புரதம் 55 கிராமைத் தாண்டும். கூடவே மீல் மேக்கர் குழம்போ கேழ்வரகோ சேர்ந்தால் இன்னும் நல்லது. எல்லாம் ஏற்கெனவே மெஸ் ஸ்டோர் ரூமில் இருக்கிற பொருள்தான்.

ஆகவே அடுத்த மெஸ் கமிட்டி கூட்டத்தில் குயினோவா கேட்டு யாரும் கை தூக்க வேண்டாம். மூணு விஷயம் கேளுங்க. மதியம் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு. வாரத்தில் ரெண்டு மூணு மாலை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். எதில் நெய், பால், தயிர் சேர்த்திருக்கு என்று மெனு போர்டில் ஒரு வரி. வீகன் ஆகாதவங்களுக்கும் இதனால் நஷ்டம் இல்லை. சாம்பாரில் பருப்பு கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?