சித்தி என்று தேடினால்...

போன மாதம் என் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் உறவுமுறைப் பெயர்களை எழுதி சார்ட் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். ஏழாம் வகுப்பு படிக்கிறான். என் போனை வாங்கி, தேடும் இடத்தில் 'சித்தி' என்று அடித்திருக்கிறான். அடித்து முடிப்பதற்குள் கீழே வரிசையாக வந்து விழுந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று போனை நீட்டுகிறான். அவனுடைய சித்தி, என் தங்கை, பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதற்குத்தான் வடிகட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கூகுளில் அதற்கு 'சேஃப் சர்ச்' என்று பெயர். ஆபாசப் படங்களை மங்கலாக்கிக் காட்டும் ஏற்பாட்டை 2023ல் நாம் கேட்காமலே போட்டு வைத்துவிட்டார்கள். நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் மங்குவது படம் மட்டும்தான். செட்டிங்ஸில் போய் 'ஃபில்டர்' என்று மாற்றினால்தான் ஆபாச எழுத்தையும் தடுக்கப் பார்க்கும். வசவு வார்த்தைகளுக்கு என்று வைத்தது அல்ல அது. தேடும் பக்கத்தைத் தாண்டி வேறு தளத்துக்குள் போய்விட்டால் அங்கே அதற்கு வேலையும் கிடையாது.

"கெட்ட வார்த்தைக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டு மொத்தமா நிறுத்திட வேண்டியதுதானே?" என்றார் என் கணவர். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 1995ல் மார்பகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கெட்ட வார்த்தை என்று தடுத்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் சண்டை போட்ட பிறகுதான் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் அதே நிறுவனத்தில் பதிவு செய்ய முடியவில்லை. ஊர்ப் பெயருக்கு நடுவே நாலு எழுத்து கெட்ட வார்த்தையாக அமைந்துபோனதாம், பாவம்!

நம் தமிழில் சிக்கல் இன்னும் மோசம். நம்முடைய வசவுகள் பெரும்பாலும் அம்மாவையும் அக்காவையும்தான் இழுக்கின்றன. ஆபாசக் கதை எழுதுகிறவர்களும் தலைப்பில் வைப்பது அத்தை, சித்தி, அண்ணி, ஆன்ட்டி. பல பேர் அப்படித் தேடத் தேட, யார் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டுகிறது. இப்போது பட்டியலில் எதைச் சேர்ப்பது? 'சித்தி'யைத் தடுத்தால் என் பையன் கேட்ட உறவுமுறையும் சேர்ந்தல்லவா போய்விடும்? எந்த இடத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறது என்று பார்த்துத்தான் தடுக்க வேண்டும். அதற்கு நம் பேச்சு வழக்கு தெரிந்த ஆட்கள் உட்கார வேண்டும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் பத்து விதமாக அடிக்கிறோமே, அதையும் அவர்கள் பார்க்க வேண்டும். அவர்களில் நாலு பேராவது பெண்களாக இருந்தால் தேவலை.

அன்றைக்கு ராத்திரியே போனில் வடிகட்டியை மாற்றினேன். மறுநாள் கம்ப்யூட்டரில் அதே சொல்லை அடித்து, பரிந்துரைகளுக்குக் கீழே புகார் சொல்ல ஒரு சின்ன இணைப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பினேன். பையனிடம், "அது யாரோ அசிங்கமா எழுதினது, நம்ம சித்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று மட்டும் சொன்னேன். சார்ட்டில் சித்தி என்ற இடத்தில் என் தங்கையின் போட்டோவை ஒட்டிக்கொண்டு போனான்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்.